ஜெபத்தில் சொன்னது

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. போன ஓணத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அயர்லாந்திலிருந்து, கேரள எல்லையில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் ஊரான பாறசாலைக்குப் போனேன்.
2. குளத்தூரில் அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தின் உதவியாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு எடுத்தேன். பராமரிப்பில் இருக்கும் முதியவர்களைத் துன்புறுத்தாமல் இருப்பது எப்படி என்பது வகுப்பின் பொருள்.
3. வகுப்பை லீலா அக்கா என்ற உதவியாளர் ஜெபம் பண்ணி முடித்தார்.
4. அந்த ஜெபத்தில், என் அப்பாவைக் கட்டிலோடு கட்டிப்போடுவதாகச் சொன்னார்.
5. எல்லோரும் ஆமென் சொன்னோம்.
6. நான் அதை முறைப்படி இல்லத்தின் நிர்வாகியிடம் தெரிவித்தேன்.
7. லீலா அக்காவுக்கு வேலை போயிற்று. அந்த வேலைக்காக அவருடைய அம்மாவுக்கு இல்லத்தில் கொடுத்திருந்த கட்டிலும் போயிற்று.
8. இன்று காலை லீலா அக்கா என்னைப் போனில் அழைத்தார்.

முதல் ஏழும் எனக்குப் பழகிவிட்டன. எட்டாவதற்காக, அந்த அழைப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1

அயர்லாந்தின் மேற்கே ஒரு சிறிய ஊரில், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நான் நர்ஸ். ஊரில் கேட்டால் "வயசானவங்களெ நோக்குற வேலை" என்று முடித்துவிடுவார்கள். நோக்குவது வேலையில் பாதி. நோக்கியதாக எழுதிவைப்பது மீதி.

இங்கே ஒருவருடைய அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்ட வேண்டும். போர்வையை விலக்குமுன் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்திவைப்பதுகூட ஒருவரைக் கட்டுப்படுத்துவதுதான் என்பதால், அதற்கு டாக்டர், குடும்பத்தார், நர்ஸ் மூவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களிடம் ஒரு பழைய தபால்காரர் இருக்கிறார். மாலையானால் கோட்டு மாட்டிக்கொண்டு வாசல் கதவுக்கு வந்து, பக்கத்திலிருக்கும் எண்களை அழுத்திப் பார்ப்பார். சரியான எண் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் அழுத்திவிட்டுத் திரும்பிப் போவார். இதுவும் ஒரு கட்டுதான் என்று நான் வகுப்பில் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். கதவு பூட்டியே இருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பணியாளர்களும் இந்தப் பயிற்சியை முடித்தாக வேண்டும். எங்கள் இல்லத்தில் அதை நடத்துவது நான். நடத்துகிறவள் என்பதால் எனக்கு விலக்கு கிடையாது. நானும் கணினியில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். அதில் ஒரு கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும். சக பணியாளர் ஒருவர் தான் செய்த தவறை உங்களிடம் சொல்கிறார், யாரிடமும் சொல்லாதே என்கிறார். என்ன செய்வீர்கள்? சரியான விடை, மேலதிகாரியிடம் அன்றே தெரிவிப்பது. அதைத் தொட்டால் திரையில் பச்சை விளக்கு எரியும். எனக்கு ஒருமுறைகூட அது சிவப்பாக எரிந்ததில்லை.

2

அப்பாவின் பெயர் ஞானதாஸ். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் அவர் ஏறாத கரண்ட் போஸ்ட் குறைவு. அம்மா இறந்த பிறகு மறதி தொடங்கியது. பெயர்கள் போயின, சாப்பிட்டது போயிற்று, என் முகமும் போயிற்று. ஏறுவது மட்டும் போகவில்லை. ஜன்னல் கம்பி, அலமாரி, கிணற்றுச் சுவர், எது நிமிர்ந்து நின்றாலும் ஏறினார். பக்கத்தில் போகிறவர்களிடம் "லைன் ஓஃப் பண்ணியாச்சா?" என்று கேட்பார். ஆமாம் என்றால்தான் தொட விடுவார்.

நானோ இங்கே. அண்ணன் ஜஸ்டினுக்கு நெய்யாற்றின்கரையில் மொபைல் கடை. இரண்டு இல்லங்களில் அப்பாவைச் சேர்த்து, இரண்டிலிருந்தும் திருப்பி அனுப்பினார்கள். ஏறுகிற ஆளை வைத்துக்கொள்ள முடியாதாம். மூன்றாவதாக குளத்தூரில் வசந்தா டீச்சர் எடுத்துக்கொண்டார். ஹைஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, கணவரின் வீட்டையே இல்லமாக மாற்றி நடத்துகிறவர். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் பெயரில் ஒரு எழுத்து குறைத்துக் கூப்பிட மாட்டார். எங்கள் சபையில் பாதிக் குடும்பங்கள் அவருக்கு ஏதோ ஒரு விதத்தில் கடமைப்பட்டவை.

அங்கேதான் லீலா அக்காவைப் பார்த்தேன். பெருங்கடவிளைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், புருஷன் விட்டுப் போய் வெகுநாளாகிறது. அவருடைய அம்மா தங்கம்மாவுக்கும் அப்பாவைப் போலவே மறதி. அக்கா அங்கேயே தங்கி வேலை செய்தால், அம்மாவுக்கு ஒரு கட்டில் இலவசம் என்பது டீச்சர் செய்துகொடுத்த ஏற்பாடு.

"எனக்கு இங்க ரண்டு சம்பளமாக்கும் சிஸ்டரே," என்றார் முதல் நாளே. "ஒண்ணு கையில வரும். ஒண்ணு அந்தா, ஜன்னலுக்குப் பக்கத்துல கெடக்குது."

ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்திருந்த கிழவி என்னைப் பார்த்து, "இவ யாருட்டி, கல்யாணத்துக்கு வந்தவளா?" என்றாள்.

"ஆமா, மாப்பிளைக்கத் தங்கச்சி. நீ அந்தச் சோத்தெ முழுங்கு."

லீலா அக்காவை நல்லவர் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கை முரடு. சோற்றை வாயில் திணிப்பார். மூக்கைத் துடைத்தால் மூக்கு சிவந்துபோகும். வாய் ஓயாது. இங்கே எங்கள் இல்லமாக இருந்தால் முதல் வாரத்திலேயே நான் அவரைப் பற்றி எழுதியிருப்பேன்.

3

பயிற்சி நடத்தும்படி கேட்டது டீச்சர்தான்.

"நீ அங்க பெரிய டிரெயினராக்கும்ணு ஜஸ்டின் சொன்னான். எங்க பிள்ளேளுக்கும் ஒரு கிளாஸ் எடுத்துட்டுப் போ மோளே. ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தா சுவத்துல போடலாம். பாக்க வாறவங்களுக்கு ஒரு நம்பிக்கை."

அதற்குள் அப்பாவை மூன்று முறை பார்த்திருந்தேன். மூன்று முறையும் போன் பண்ணிவிட்டுத்தான் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துவைத்த கைலி, முகத்திலும் கைகளிலும் பவுடர். என்ன நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு அறையில் பெஞ்சுகளைத் தள்ளிப்போட்டு வகுப்பு. ஏழெட்டுப் பெண்கள். பின்னால் டீச்சரும் ஒரு நாற்காலியில். அயர்லாந்தில் நாங்கள் பயன்படுத்தும் படங்களை டிவியில் ஓட்டினேன். தொடங்கிய உடனே வழுக்கினேன். துன்புறுத்தலுக்கு மலையாளச் சொல்லாக இருக்கட்டும் என்று "பீடனம்" என்றேன். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். எட்டு வருடம் வெளியே இருந்ததில் மறந்துவிட்டேன். மலையாளப் பத்திரிகைகளில் அந்தச் சொல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பாலியல் வன்முறை.

"இங்க எல்லாம் எழுபது கழிஞ்ச கெழவன்மாராக்கும் சிஸ்டரே," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. "யாரு யாரெ பீடிக்க?"

டீச்சரும் சிரித்தார். அதன் பிறகு "தொந்தரவு" என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

கண்ணைக் கட்டி ஒருத்தரை உட்காரவைத்து, சொல்லாமல் கொள்ளாமல் இன்னொருத்தரைக் கொண்டு ஊட்டச் செய்யும் பயிற்சி உண்டு. ஊட்டப்படுவது எப்படியிருக்கும் என்று பணியாளருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இங்கே அதைச் செய்யும்போது அறை அமைதியாகிவிடும், சிலர் கண் கலங்குவார்கள். அங்கே ஒருத்தி மற்றவளின் தாடையைப் பிடித்து, "வாயெ தொறயெட்டி, நேரமில்ல" என்று பழத்தைத் திணிக்க, அவள் கண்கட்டோடு விரலைக் கடிக்க, ஒரே சிரிப்பு. "இதாக்கும் தெனமும் இங்க நடக்குது" என்று யாரோ சொன்னார்கள். சிரித்துக்கொண்டே சொன்னதால் அது யார் காதிலும் விழவில்லை.

கடைசியாக, நீங்கள் இங்கே பார்த்த ஏதாவது ஒரு தொந்தரவைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மின்விசிறி சுற்றியது. சமையல்கட்டில் குக்கர் விசிலடித்தது.

"இங்க அப்பிடி ஒண்ணும் கெடையாது மோளே," என்றார் டீச்சர். "அப்பம் ஜெபம் பண்ணி முடிக்கலாம். யாராவது பண்ணுங்க."

4

எங்கள் பக்கத்துச் சபைக்காரர்கள் கூட்டம் எதுவானாலும் ஜெபம் பண்ணித்தான் கலைவார்கள். மாதர் சங்கக் கூட்டமானாலும் சரி, மதில் தகராறுக்குப் பேச்சுவார்த்தையானாலும் சரி. யாராவது ஒருவர் வாய்விட்டு ஜெபம் பண்ண, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். நடுவில் யாரும் பேச மாட்டார்கள். ஜெபம் பண்ணுகிறவரை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

லீலா அக்கா எழுந்து தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. இந்த நல்ல நாளுக்காக உமக்கு நன்றி. தூர தேசத்திலிருந்து உம்முடைய மகளைச் சுகமாகக் கொண்டுவந்தீர், நன்றி. டீச்சரையும் இந்த இல்லத்தையும் ஆசீர்வதியும். தகப்பனே, எங்க குறைகளெ நீர் அறிவீர். ஆளு போதாது, நேரம் போதாது, அதும் நீர் அறிவீர். ஞானதாஸ் சாரெ கட்டில்ல கெட்டிப் போடுறோம் ஆண்டவரே. காலத்தெ சாயா கொடுத்துட்டுக் கெட்டுனா மத்தியானம்தான் அவுக்கிறோம். மக வாறாண்ணு ஃபோன் வந்தா நேரத்தே அவுத்து, கையில பவுடர் இடுறோம், கெட்டுன பாடு தெரியாண்டாம்ணு. எனக்க கையாலயும் கெட்டினேன். ஒரு நாளு என்னெ கடிச்சாருண்ணு ஓங்கி ஒண்ணு கொடுத்தேன். நீர் அதெ கண்டீர். எங்களெ மன்னியும். அந்த மனுஷனுக்கும் ஒரு வழி காட்டும். ஜெபம் கேளும் நல்ல பிதாவே."

"ஆமென்," என்றார்கள் எல்லோரும். டீச்சரும் சொன்னார். பழக்கத்தில் நானும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது எல்லோருடைய முகமும் மூடுவதற்கு முன்பு இருந்தது போலவே இருந்தது. "கட்டன் சாயா ஆறிப்போவும், எடுங்க," என்றார் டீச்சர். ஏத்தங்காய் வறுவல் தட்டு கை மாறியது. ஒருத்தி என் செருப்பு என்ன விலை என்று கேட்டாள்.

5

துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் லீலா அக்காவைத் தனியாகப் பிடித்தேன். ஜெபத்தில் சொன்னது உண்மையா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த விரிப்பைக் கீழே போடவில்லை.

"ஜெபத்துல சொன்னதெ ஜெபத்துலயே விடணும் மோளே. வெளிய எடுக்காண்டாம்."

"அது என் அப்பா, அக்கா."

"அதுக்காகத்தான் சொன்னேன். நாளையிலேருந்து கெட்டு இருக்காது, நீ பாத்துக்க. கஞ்சி காரியத்துல அப்பிடித்தான் நடந்தது."

கஞ்சி விஷயம் இது. மழைக்காலத்தில் கஞ்சி தண்ணீராக வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபத்தில் லீலா அக்கா அதை ஆண்டவரிடம் சொன்னார். மறுநாள் கஞ்சி கெட்டியாக வந்தது. டீச்சர் எதுவும் கேட்கவில்லை, இவரும் எதுவும் சொல்லவில்லை. சோப்பு இல்லாதது, மேல் அறையில் கொசுவலை கிழிந்தது, எல்லாம் இந்த வழியில்தான் சரியாயிற்று.

"கண்ணெ மூடிக் கேட்டதெ கண்ணெ தொறந்து கேக்கக்கூடாது. டீச்சருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். இதாக்கும் இங்கத்த ஏற்பாடு."

நான் என் ஏற்பாட்டைச் சொன்னேன். நான் நர்ஸ், கேள்விப்பட்டதை மறைக்க எனக்கு அனுமதி இல்லை, இன்றே தெரிவிக்க வேண்டும். அதோடு, வகுப்பில் சொல்லும் வரியையும் சொன்னேன். சொன்னவருக்கு எந்தப் பாதிப்பும் வராமல் பார்த்துக்கொள்வோம்.

"யாரு பாத்துக்குவா? நீயா?"

"ஆமாம்."

"எப்பம் திரும்பிப் போற?"

அடுத்த செவ்வாய்க்கிழமை என்றேன். அவர் குனிந்து விரிப்பை அலசத் தொடங்கினார். என்னைப் பார்க்காமலே, "எனக்க அம்மைக்கு வேற கட்டில் இல்ல சிஸ்டரே, அதெ மட்டும் ஓர்மையில வச்சுக்க," என்றார்.

ஓர்மையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

6

டீச்சரின் ஆபீஸ் அறையில் சிலுவைப் படமும் பள்ளிக்கூடப் பிரிவுபசார விழாப் படமும். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாயா குடிச்சு முடிச்ச உடனெ அந்தக் கெட்டுற துணியெல்லாம் எடுத்துக் களையச் சொல்லியாச்சு மோளே. நீ இங்க வந்து இரிக்காம இருந்தா அதோட முடிஞ்சிருக்கும்."

"எழுத்தில் பதிய வேண்டும், டீச்சர். விசாரிக்க வேண்டும்."

"வேணும்ணா செய்யலாம். நீ படிச்சவ. ஒண்ணு மட்டும் சொல்லு. நீ இருக்க இடத்துல ஒரு ஸ்டாஃப், நான் கெட்டினேன், நான் அடிச்சேன்ணு தன் வாயாலெ சம்மதிச்சா, அவளெ என்ன செய்வாவ?"

எனக்குப் பதில் தெரியும். பதில் தெரிந்த கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடும் வழக்கம் எனக்கு உண்டு.

"விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பார்கள்."

"இல்லத்துக்குள்ள விடுவாவளா?"

"விட மாட்டார்கள்."

"அப்பம் நாமளும் அதெத்தான் செய்யணும். நீ சொல்லித் தந்ததுதானே. லீலா மட்டுந்தான் சம்மதிச்சிருக்கா."

"கட்டச் சொன்னது அவர் இல்லையே, டீச்சர்."

"கெட்டச் சொன்னது யாருண்ணு அவ ஜெபத்துல சொன்னாளா?"

சொல்லவில்லை. ஜெபத்தில் ஒருவரையும் பெயர் சொல்லிக் குற்றப்படுத்தக்கூடாது என்பது அந்தப் பழக்கத்தின் மரியாதை. தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் சொல்லவில்லை.

"அவளுடைய அம்மா," என்றேன்.

"அம்மைக்கக் கட்டில் லீலாவுக்க வேலைக்கு உள்ளதாக்கும். வேலையில்லாதவளுக்கு அதெ கொடுத்தா, நாளைக்கு எல்லாரும் கேப்பாவ இல்லியா?" டீச்சர் எழுந்து என் தோளைத் தொட்டார். "உனக்க அண்ணனிட்ட கேக்காம ஞானதாஸ் சாரெ நாங்க கெட்டல மோளே. அதெயும் நீ எழுதணும்ணா எழுது."

7

அண்ணன் எதையும் மறுக்கவில்லை. என்னைக் கடைக்கு வெளியே நிறுத்திவைத்துப் பேசினான்.

"கேட்டாவ. சரிண்ணேன். பின்ன என்ன சொல்ல? அவரு கெணத்துச் செவுத்துல ஏறி நிக்கும்போ நீயா வந்து எறக்கின?"

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா அங்க இருந்து ஒரு மெயில் விட்டிருப்ப. மக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா. நீ இதெ பெரிசாக்கி மேல எழுதிப் போடுற, இல்லத்தெ பூட்டுறாவண்ணு வையி. அப்பனெ எங்க கொண்டு வைப்ப? ஒனக்க பையில வச்சுக் கொண்டுபோவியா?"

மேலே எழுத வேண்டிய இடம் எது என்று எனக்குத் தெரியும். முகவரியைக்கூட எடுத்து வைத்திருந்தேன். எழுதினால் அப்பாவுக்கு நான்காவது இல்லம் தேட வேண்டும், ஏறுகிற ஆளை யாரும் எடுக்க மாட்டார்கள், என் விடுப்பு செவ்வாய்க்கிழமை முடிகிறது. எழுதவில்லை.

திங்கட்கிழமை அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, இல்லத்து வாசலில் ஆட்டோ நின்றது. லீலா அக்கா ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் இரண்டு கட்டைப் பைகளையும் பிடித்திருந்தார். தங்கம்மாவுக்குத் தலைவாரிப் பூ வைத்து விட்டிருந்தார்கள். ஆட்டோவைக் கண்ட மகிழ்ச்சியில் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு நீயும் வாறியா பிள்ளெ? எடமுண்டு."

"அவங்களுக்கு வேற வேல உண்டு," என்றார் லீலா அக்கா. "ஏறு."

என்னிடம் அவர் கோபமாக எதுவும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, "எனக்க நம்பர் ஒன்கிட்ட உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொன்னார். பதிந்துகொண்டேன். ஆட்டோ போயிற்று.

உள்ளே நான் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டுகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். லீலா அக்காவுடையதை மட்டும் விட்டு, மற்றவையெல்லாம் இருந்தன.

8

இங்கே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அப்பாவைப் பார்க்கிறேன். கைகளைக் காட்டச் சொல்வேன். கட்டிய தடம் இல்லை. மணிக்கட்டில் முன்பு கறுத்திருந்த இடம்கூட மெல்ல வெளுத்துவிட்டது. நான் போய்வந்ததில் இதுவாவது நடந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு ஆறு வயது. இங்கே பிறந்தவள். தாத்தாவிடம் எங்கள் ஊர்த் தமிழில் "அப்பூப்பா, சுகமா?" என்று ஒரு வரி சொல்வாள், அதுவும் நான் முழங்கையால் இடித்தால். பதில் புரியாததால் பெரும்பாலும் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஒரு ஞாயிறு அவள் போகவில்லை. திரையில் அப்பா கட்டிலின் நடுவில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, பாதங்கள் கட்டில் விளிம்பைத் தாண்டாதபடி ஒடுங்கி.

"அவரும் அந்த விளையாட்டு விளையாடுகிறாரா, மம்மி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தரை முழுக்க நெருப்பு, கால் பட்டால் அவுட் என்று இங்கத்துப் பிள்ளைகள் விளையாடுவார்கள். அவளும் சோபாவில் ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டு திரையில் கையாட்டினாள்.

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு.

"நல்ல பிள்ளெ. காலெ கீழ வைக்காதே மக்கா. சப்ளை உண்டு."

மகள் சிரித்துக் குதித்தாள். தாத்தாவும் அவளும் ஒன்றாக விளையாடியது அந்த ஒருமுறைதான்.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்கு அது சங்கடமாகக்கூட இல்லை. கொஞ்சம் வியப்போடுதான் சொன்னான்.

"இப்பம் கெட்டுறதே இல்ல, கேட்டியா. ‘சாரே, தரையில சப்ளை உண்டு’ண்ணு காலத்தெ ஒருக்கா சொன்னா போதும். அனங்காம இரிப்பாரு. ஏறவும் மாட்டாரு, எறங்கவும் மாட்டாரு. அங்க வேலை செய்ற ஒரு பிள்ளைக்கப் புத்தியாக்கும். கயிறும் வேண்டாம், துணியும் வேண்டாம்."

"மூத்திரம் வந்தால்?"

"வந்து ஓஃப் பண்ணி விடுவாவ."

"உடனே வருவார்களா?"

"ஆளு குறைவு மக்கா. லீலாவுக்கு பதிலா ஒருத்தி இன்னும் கெடைக்கல."

டீச்சரிடம் பேசினேன். நான் கற்றுக்கொடுத்தபடி கட்டுவதை அறவே நிறுத்திவிட்டோம் என்றார். என் பயிற்சிப் படங்களை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு லைன்மேனிடம் தரையில் மின்சாரம் இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

9

இன்று இங்கே வருடாந்திரப் பயிற்சி. காலையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அங்கே மதியச் சோற்று நேரம்.

"சிஸ்டரே, பிஸியா?"

"சொல்லுங்க அக்கா."

லீலா அக்கா இப்போது அண்டி ஆபீஸுக்குப் போகிறார். முந்திரி உடைக்கும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பெருங்கடவிளையில் ஓர் அறை எடுத்து அம்மாவோடு இருக்கிறார். பின்னால் பெண்கள் டப்பா மூடியைத் திறக்கும் சத்தமும் பேச்சும் கேட்டன.

"அம்மை ரோட்டுக்கு எறங்கிப் போறா. முந்தாநேத்து ஒரு லாரிக்காரன் பிரேக்கெ சவுட்டி நிறுத்தி, என்னெ ஏசிட்டுப் போனான். வெளிய இருந்து பூட்டிப் பாத்தேன், ஜன்னல்ல தலையெ கொண்டு இடிக்கிறா. அதனாலெ கெட்டிப் போட்டுட்டாக்கும் வாறேன். இப்பமும் கெட்டித்தான் கெடக்கா."

"தோலு பொட்டி நீரு வருது சிஸ்டரே. பாடு விழாம எப்பிடிக் கெட்டணும்? ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்லியா, அதான் விளிச்சேன்."

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும், அது தெரிந்த ஆளை அழைத்திருக்கிறார்.

எதால் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். பழைய நைலக்ஸ் சேலையைக் கிழித்து என்றார். எவ்வளவு நேரம்? காலையில் பஸ்ஸுக்கு வரும்போது கட்டினால், மாலையில் போய்த்தான் அவிழ்க்கிறார். நடுவில் அவிழ்க்க யாராவது உண்டா? யாரும் இல்லை.

அப்படிக் கட்டக்கூடாது என்று சொல்ல வேண்டும். சொன்னால், பின்னே என்ன செய்ய என்று கேட்பார்.

கட்டும் முறையைச் சொன்னேன். நைலக்ஸ் வேண்டாம், பருத்தித் துணி, அகலமாக மடித்து. அதற்கு அடியில் பஞ்சு வைத்த துண்டு. கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மல்லாக்கப் படுக்க விடாமல், ஒருச்சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுக்க வேண்டும். இரண்டு கையையும் கட்ட வேண்டாம். ஒரு கை போதும், மறு கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். புண்ணுக்கு என்ன மருந்து என்பதையும் சொன்னேன்.

லீலா அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

"ரண்டு விரலு. பருத்தி. ஒரு கை. எந்தக் கையெ விடணும்?"

"சாப்பிடும் கையை."

"அவ எடக்கையாக்கும்."

"அப்படியானால் இடது கையை விடுங்கள்."

"செரி மோளே. மணி அடிச்சாச்சு, வைக்கட்டா?"

வைத்தார். பணியாளர்கள் காபிக் கோப்பைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். கோட்டயத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு நர்ஸ், வேறு வழியே இல்லாத இடத்தில் ஒருவரைக் கட்டலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். எழுதிக்கொண்டாள்.

இப்போதைய நிலை இது. அப்பா குளத்தூர் இல்லத்தில் இருக்கிறார். அவரைக் கட்டுவதில்லை, அவர் கால் தரையில் படுவதும் இல்லை. டீச்சரின் இல்லத்தில் ஒரு உதவியாளர் இடம் காலியாக இருக்கிறது. ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டிலில் வேறு ஒருவர் வந்துவிட்டார். இன்றைய வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் தேறினார்கள், நானும் தேறினேன். நாளையிலிருந்து தங்கம்மா பெருங்கடவிளையில், மகள் பஸ் ஏறியதிலிருந்து திரும்பி வரும்வரை, வலது கை கட்டிலோடு கட்டப்பட்டு, நான் சொன்ன முறைப்படி படுத்திருப்பார்.